"வெளியே கை வைத்த வண்டி" என்பது காரணம் ஆகாது

கன்னியாகுமரி மாவட்ட இருசக்கர வாகன ஷோரூம்களின் சர்வீஸ் மேனேஜர்களுக்கும், அவர்கள் அனுப்பும் வாரண்டி கிளெய்ம்களைப் பார்த்து முடிவு சொல்லும் கம்பெனி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வண்டிகளுக்கு வயரிங், சைலன்சர், ஹேண்டில்பார் வேலை செய்கிறவர்களும், அப்படி வேலை செய்த வண்டிகளை ஓட்டுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். வண்டியின் பதிவு எண் டி.என். 74 ஆனாலும் டி.என். 75 ஆனாலும் சண்டை ஒன்றுதான் என்பதால் ஒரே மடலாக எழுதிவிட்டோம்.

நாங்கள் கேட்பது ஒன்று. மாற்றம் செய்த வண்டியின் கிளெய்மை மறுத்தால், எந்த மாற்றம், எந்த பார்ட்ஸை, எப்படிக் கெடுத்தது என்பதை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த அளவோடு ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு வரும் வண்டிக்கு நீங்கள் போடும் வேலைச் சீட்டில்) எழுதிக் கொடுங்கள். "வெளிய வேல பாத்திருக்கியளே அண்ணாச்சி, இனி வாரண்டி கிடையாது" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த ஒரு வரியில் ஃபோர்க் ஆயில் சீல் கசிவு, ஸ்டியரிங் கோன்செட் தட்டல், ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் நீராவி பிடிப்பது எல்லாமே அடிபட்டுப் போகின்றன. சைலன்சர் மாற்றிய வண்டியின் ஸ்பீடோமீட்டருக்குள் தண்ணீர் இறங்கினால், பின்னால் தொங்கும் குழாய்க்கும் முன்னால் இருக்கும் ரப்பர் சீலுக்கும் என்ன உறவு என்று யாராவது சொல்ல வேண்டாமா?

அதிகமாகத் தகராறு வருவது வயரிங்கில். அதனால் அதை முதலில் பேசிவிடுவோம். எங்கள் ஆட்கள் செய்யும் தப்பையும் சேர்த்தே பேசுகிறோம்.

கிராஷ் கார்டில் எல்.இ.டி. ஃபாக் லைட் போடுவது இங்கே சாதாரணம். ஆரல்வாய்மொழிப் பக்கமோ பேச்சிப்பாறை ரோட்டிலோ இரவில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெட்டியில் 60 வாட் என்று போட்ட லைட் இரண்டு என்றால் 120 வாட். உண்மையிலேயே அவ்வளவு இழுக்கும் சரக்காக இருந்தால், வண்டி ஓடும்போது இருக்கும் 13.5 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். (பெட்டியில் 60 என்று போட்டுவிட்டு 15 வாட்கூட இழுக்காத சரக்கும் நிறைய உண்டு. அதனால் பெட்டியைப் பார்க்காமல் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.) இதை ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? 35 வாட் ஹெட்லைட் ஏற்கெனவே இரண்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் தாங்காது. இரண்டாவது தடவை ஃபியூஸ் போனதும் யாரோ ஒருவர் 20 ஆம்பியர் ஃபியூஸ் சொருகுவார், இல்லையென்றால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிவிடுவார். அதற்கப்புறம் ஃபியூஸ் போகாது, வயர் போகும். டிம்-பிரைட் சுவிட்சுக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு சூடாகி, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகி, சுவிட்ச் பாதியில் நின்றுவிடும். அந்தச் சுவிட்சுக்கும் அந்த வயரிங் கிட்டுக்கும் நீங்கள் வாரண்டி மறுத்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

அதே லைட்டை ஒழுங்காகவும் போடலாம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனி வயர், டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30 என்ற முனை. லைட்டுக்குப் போவது 87. சாவி போட்டால்தான் உயிர் வரும் ஒரு லைனிலிருந்து சுவிட்ச் வழியாக 86, எர்த்துக்கு 85. லைட் வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். இப்படிப் போட்டால் கம்பெனி வயரிங்கிலிருந்து எடுப்பது ரிலே காயில் இழுக்கும் கரண்ட் மட்டுமே. அது 0.15, 0.2 ஆம்பியர், அவ்வளவுதான். இந்த வண்டியின் ஹேண்டில் சுவிட்ச் உருகினால் அதற்கு ஃபாக் லைட் காரணமாக முடியாது. இரண்டு வண்டியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். டேங்கைத் தூக்கிப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது. எங்கள் வருத்தமே, டேங்கைத் தூக்காமல் தீர்ப்பு சொல்வதில்தான்.

உப்புக்காற்று இந்த மாவட்டத்தின் தனிச் சங்கதி. முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் கரையோரம் நிற்கும் வண்டியில், திறந்திருக்கும் எந்த ஜாயிண்டும் இரண்டு மழைக்காலம் தாண்டாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரட்டிப்பாக வருகிறது. செம்புக் கம்பி ஈரத்தைத் திரிபோல உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். வயரின் மேல் தோல் பளபளவென்று இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே கம்பி கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிரும். இது வெளியே போட்ட ஜாயிண்டால் வந்ததா, கம்பெனி கப்ளருக்குள்ளேயே (வயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூடு) வந்ததா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜாயிண்டிலிருந்து இரண்டு பக்கமும் ஓரிரு அங்குலத்துக்கு ஒரு முறை சீவிப் பார்க்க வேண்டும். ஜாயிண்டில் பச்சை அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருந்தால் தப்பு வெளி வேலையில். ஜாயிண்ட் சுத்தமாக இருந்து, கப்ளரின் பின்களில் மட்டும் பச்சை பூத்திருந்தால் கப்ளரின் ரப்பர் சீல் ஒழுங்காக உட்காரவில்லை என்று அர்த்தம். பத்து நிமிட வேலை. இரண்டு போட்டோ எடுத்து ஜாப் கார்டோடு வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

"லைட் போட்டதால் ஸ்டேட்டர் காயில் எரிந்தது" என்ற மறுப்பைப் பற்றி (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் செம்புச் சுற்றுதான் ஸ்டேட்டர் காயில்) கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அதிகம் எழுதப்படும் காரணம் இதுதான், அதிகம் தப்பாக எழுதப்படுவதும் இதுதான். காயில் தரும் கரண்ட்டை அளவாக்கி பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர். ஏராளமான வண்டிகளில் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். காயில் தரும் கரண்ட்டில் வண்டிக்குத் தேவையானது போக மீதியை அது காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடும். அதாவது லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் காயில் கிட்டத்தட்ட முழு கரண்ட்டையும் சுமந்துகொண்டுதான் இருக்கும். இந்த வகையில் கூடுதல் லைட் போட்டால் காயிலின் சூடு கூடாது. பேட்டரிதான் சார்ஜ் ஏறாமல் தவிக்கும். சீரிஸ் வகை ரெகுலேட்டர் வேறு. அதில் லோடு கூடக்கூடக் காயிலின் கரண்டும் கூடும். அங்கே உங்கள் வாதத்துக்கு உயிர் உண்டு. உங்கள் சர்வீஸ் மேனுவலில் எந்த வகை என்று இருக்கும். இல்லாவிட்டால் ஏ.சி. கிளாம்ப் மீட்டரை ஒரு ஸ்டேட்டர் வயரில் மாட்டி, ஆர்.பி.எம்.மை ஒரே அளவில் வைத்து, லைட்டைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். அளவு அசையாவிட்டால் ஷண்ட். லைட் போட்டதும் ஏறினால் சீரிஸ். இதைப் பார்க்காமல் எழுதும் "ஓவர்லோடு" வெறும் ஊகம்.

காயில் போயிருக்கிறதா என்பதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று வயர் வரும் கப்ளரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஜோடிக்கும் ஓம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு ஓமுக்குக் கீழேதான் இருக்கும். அதனால் மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அங்கே காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழிக்காமல் படித்தால் நல்ல காயிலும் கெட்டதாகத் தெரியும். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். எந்த வயருக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஏறக்குறைய 5,000 ஆர்.பி.எம்.மில் மூன்று ஜோடியின் ஏ.சி. வோல்ட்டும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்க வேண்டும். கவர் திறந்தபின் கருகல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சுற்றிலும் சமமாகக் கறுத்திருந்தால் சூடு, ரெகுலேட்டர் பக்கம் தேட வேண்டும். ஒன்றிரண்டு காயில் மட்டும் கருகி, மற்றவை செம்பு நிறத்திலேயே இருந்தால், அந்தக் காயிலின் வார்னிஷ் பூச்சையோ சுற்றையோ சந்தேகப்பட வேண்டும். அதை வாடிக்கையாளரின் தலையில் கட்ட முடியாது.

பேட்டரி இறங்கும் புகாரும் இதே மாதிரிதான். சாவியை அணைத்துவிட்டு, பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றி, இடையில் மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்தால் சில மில்லிஆம்பியர்தான் காட்ட வேண்டும். சாவிக்குச் சம்பந்தமில்லாமல் மாட்டிய மொபைல் சார்ஜரோ ஜி.பி.எஸ். கருவியோ 50 மில்லிஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கு நாளில் படுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து வண்டியை எடுப்பவர்களின் வீட்டில் இது வழக்கமான காட்சி. அளந்து காட்டினால் யாரும் சண்டை போடப் போவதில்லை. இன்னொன்று, பேட்டரிக்கும் டயருக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனியே தனியாக வாரண்டி பார்க்கிறது. அதை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சைலன்சர் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கும் தெளிவு போதாது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டிகளில் எக்ஸாஸ்ட் குழாயிலேயே ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. சென்சாருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் பின்னால் வரும் கடைசிக் குடுவையை மட்டும் மாற்றுவது ஒன்று. பெண்ட் பைப்போடு முழுசாக மாற்றிச் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிவது வேறொன்று. இரண்டாவதைச் செய்துவிட்டு எஞ்சின் லைட் எரிகிறது, மைலேஜ் இல்லை என்று வாரண்டியில் வந்து நிற்பது நியாயமில்லை. முதலாவதிலும் ஒரு பொறி உண்டு. வேலை செய்யும்போது ஹெட் பக்கத்து கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து ஆக்சிஜன் அதிகம் என்று சொல்லும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும், பிளக் கரிப்பிடிக்கும். இது கேஸ்கட் சமாச்சாரம். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே கசிவு தெரியும். ஆனால் பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டியில், எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருந்தது, ஆயில் ஸ்ட்ரெய்னரில் என்ன கிடந்தது என்று எழுதாமல், "வேறு சைலன்சர்" என்ற இரண்டு வார்த்தையில் மூடிவிடுவதை ஏற்க முடியாது.

சத்தம் சட்ட விரோதம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைப் பற்றியே பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கிப் பிடித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சேசிஸ் வெட்டுவதும் ஸ்விங்ஆர்ம் நீட்டுவதும் எங்களுக்கும் உடன்பாடில்லாத வேலைகள். பேட்டரி மைனஸ்ஸையும் ஈ.சி.யூ. கப்ளரையும் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஈ.சி.யூ. போன வண்டிக்கு யாரும் உங்களிடம் சிபாரிசுக்கு வரமாட்டோம். ஆனால் அபராதம் போடுவது ஆர்.டி.ஓ.வும் போலீஸும் செய்யும் வேலை. பின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசிவதற்கு 52-ஆம் பிரிவு பதிலாகாது.

ஹேண்டில்பார் மாற்றிய வண்டிக்கு ஒரே ஒரு சோதனை போதும். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்புங்கள். ஆர்.பி.எம். ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை. எஞ்சின் நின்றாலோ ஹாரன் அறுந்து அறுந்து கேட்டாலோ கழுத்துப் பக்கம் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. இவை ஹேண்டில்பாரின் குற்றம். சுவிட்சுக்குள் பட்டன் உடைந்தது அதன் குற்றமல்ல. டயரிலும் இப்படித்தான். 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 போட்டால் சக்கரத்தின் உயரம் 12 மில்லிமீட்டர் கூடும், அதாவது சுமார் 2 சதவீதம். அகலம் 20 மில்லிமீட்டர் கூடுவதால் செயினிலோ மட்கார்டிலோ உரசலாம். உரசிய தடம் இருந்தால் எழுதுங்கள். தடமே இல்லாத வண்டியில் கியர்பாக்ஸ் சத்தத்துக்கு டயரைக் காட்டாதீர்கள்.

சட்டம் எங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். அமெரிக்காவில் 1975-ல் வந்த வாரண்டிச் சட்டத்தை மொபைலில் காட்டி ஷோரூமில் வாதாடும் தம்பிகள் இருக்கிறார்கள். அது இங்கே செல்லாது. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில்கூட 87-ஆம் பிரிவு, பொருளை மாற்றி அமைத்திருந்தால் அதனால் வந்த பாதிப்புக்கு விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது. அது பொருளால் ஆளுக்கோ உடைமைக்கோ வரும் தீங்கைப் பற்றியது. வாரண்டியில் பார்ட்ஸ் மாற்றித் தரும் கடமையை அந்தப் பிரிவைக் காட்டித் துடைத்துவிட முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மேல் போட்ட உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளி வேலையால் கெட்ட அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. அது கார் வழக்கு, மேல்முறையீடுகளுக்கும் போனது. பைக்குக்கு அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நியாயத்தைப் பின்பற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஆனாலும் வழி எளிது. விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கம்பெனி எங்கே இருந்தாலும் வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிந்தால், பல சமயம் கம்பெனியிலிருந்தே போன் வந்துவிடும். பரிசோதனை இல்லாமல் குறை தெரியாது என்றால் ஆணையம் அந்தப் பொருளைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இங்கேதான் சிக்கல். அனுப்புவதற்குப் பழைய பார்ட்ஸ் இருந்தால்தானே? கழற்றிய காயில் எங்கே என்று கேட்டால், "கம்பெனிக்குப் போய்விட்டது" என்பார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போயிருப்பார்.

ஆகவே மறுத்த கிளெய்மின் பழைய பார்ட்ஸை ஒரு கவரில் போட்டு, வண்டி எண், ஜாப் கார்டு எண், கிலோமீட்டர், தேதி எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். ஈ.சி.யூ. சம்பந்தப்பட்டதென்றால், ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடை அழிப்பதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்து அதோடு வையுங்கள். வண்டி உள்ளே வரும்போதே என்னென்ன மாற்றம் இருக்கிறது என்று ஜாப் கார்டில் எழுதி வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிவிட்டால், "நீங்கள்தான் செய்தீர்கள், நான் செய்யவில்லை" என்ற இழுபறியும் இருக்காது.

எங்கள் தரப்பில் இந்த மாதத்திலிருந்து செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறோம். வெளியே செய்யும் வேலைக்குத் துண்டுச்சீட்டு இருக்காது, முழு பில் இருக்கும். எந்த லைட், மீட்டரில் அளந்தபோது எத்தனை ஆம்பியர், எந்த அளவு வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எந்த இடத்தில் ஜாயிண்ட், வேலைக்கு முன்னும் பின்னும் பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று அதில் எழுதுவோம். ஜாயிண்டுகளை ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுவோம். கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர்-டு-கப்ளர் ஹார்னஸ் கிடைத்தால் அதையே போடுவோம், கழற்றிய ஒரிஜினல் சைலன்சரையும் ஹேண்டிலையும் வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுப்போம். எங்கள் வயரிங்கால் உங்கள் பார்ட்ஸ் கெட்டது என்று அளவோடு எழுதிக் கொடுத்தால், அந்தப் பார்ட்ஸின் விலையை வயரிங் செய்த கடைதான் தர வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பணத்தை வாங்க வாடிக்கையாளருக்குத் தேவைப்படுவதும் உங்கள் கையெழுத்துள்ள அதே ஜாப் கார்டுதான்.

இப்படிக்கு,
நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் வட்டாரத்து மெக்கானிக்குகளும் வண்டிக்காரர்களும்